எல்லை தாண்டிப் போன பை

போன வருடம் ஆனி மாதம். மகளின் பிரசவத்துக்காக மேற்கு மாம்பலத்திலிருந்து நானும் கணவரும் சிங்கப்பூர் போயிருந்தோம். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் இருந்தது. பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர் பாரு, பஸ்ஸிலேயே போகலாம். அங்கே ஒரு கோயிலில் வேண்டிக்கொண்டு வரலாம் என்று காலையில் கிளம்பினோம்.

திரும்பும்போது, மலேசியா பக்கம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கீழே வந்தால் பஸ்ஸுக்கு ஏகக் கூட்டம். முப்பது வருடம் தி.நகர் பஸ் ஸ்டாண்டில் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? முண்டியடித்து ஏறி, ஒரு சீட்டில் என் துணிப்பையைப் போட்டு இடம் பிடித்தேன். முழங்கால் வலியோடு பின்னால் வந்த கணவரைக் கூட்டிவர இறங்கினேன். கதவு மூடிக்கொண்டது, பஸ் போய்விட்டது. எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்.

மலேசியாவை விட்டு வெளியே வந்தாயிற்று, சிங்கப்பூருக்குள் நுழையவில்லை. மாப்பிள்ளையும் அந்த வாரம் ஊரில் இல்லை. இங்கேயே மாட்டிக்கொண்டால், மகளுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். பாலம் முழுக்க வண்டிகள், நகரவே மாட்டேன் என்றன. நான் வேண்டாத தெய்வமில்லை.

சிங்கப்பூர் பக்கம் இறங்கினால், சோதனைக்குப் போகும் படிக்கட்டருகே ஒருவர் என் பையை அணைத்துப் பிடித்தபடி நிற்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்க சீட் போட்டுட்டு எறங்கனத பாத்தேன்மா. வர்ற வரைக்கும் யாரையும் உக்கார வுடல," என்றார்.

பையைப் போலீஸில் கொடுத்தால் விசாரணை அது இதுவென்று எங்களுக்குப் பாதி நாள் போய்விடுமாம். அதனால் சிங்கப்பூரில் தன் வேலை ஷிப்டுக்கு நேரமாவதையும் பார்க்காமல் நின்றிருக்கிறார். வாங்கிக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். சென்னையில் அடையாற்றுக் கரைக் குடிசையில் இருந்தார்களாம், அங்கிருந்து காலி செய்யவைத்து இப்போது வீடு பெரும்பாக்கத்தில்.

"எங்கம்மாவும் இப்டிதான்மா. மீன் வித்துட்டு, தி.நகர் பஸ்ல காலி மீன் கூடைய சீட்ல வெச்சிட்டு எறங்கி டீ குட்ச்சிகினு இருக்கும். வந்து பாத்தா கூடை கீழ கெடக்கும், வேற யார்னா உக்காந்துகினு இருப்பாங்க," என்று சிரித்தார்.

கணவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். அந்த நிம்மதிக்கு ஈடே இல்லை. ஆனால் தி.நகர் பஸ்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனையோ மீன் கூடைகளைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தவள் நான். அதில் ஒன்று அவருடைய அம்மாவின் கூடையாக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் கூசிப்போகிறேன்.