கடல்சாமந்திக்குக் கண் வைத்தவர்கள்

ஆழ்கடலில் வாழும் ஒரு பிராணிக்கு இரண்டு கண்களும் ஒரு சிரிப்பும் வைத்து வரைந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த நாட்டிலோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வரைந்திருப்பார். அவரை நான் மன்னிக்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குப் பெருமாநல்லூர் அருகே, பனியனில் படம் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. காலாண்டு விடுமுறைக்குச் சித்தி வந்திருந்தாள். அம்மாவின் தங்கை, ஊரில் தங்கிக் கடல் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவள். ஆழ்கடல் சாமந்தி ஒன்றைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. அதை அவள் உயிரோடு பார்த்ததில்லை, அவளுடைய பேராசிரியரும் பார்த்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவாள்.

பெயர்தான் சாமந்தி, அது பூவுமில்லை செடியுமில்லை, விலங்கு என்றாள். அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு பாதம். அதன்மேல் காளான் காம்புபோல உடம்பு, உச்சியில் அகன்ற தட்டு. தட்டின் விளிம்பில் விரல்விரலாக இரண்டு வரிசை உணர்நீட்சிகள். நடுவில் ஒரே ஒரு வாய். தின்பதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து விரிந்து நிற்கும். இரை வந்து பட்டால் தட்டை இரண்டாக மடித்துப் பொத்திக்கொள்ளும். மூளை கிடையாது, எலும்பு கிடையாது, கண் கிடையாது. என் பள்ளிக்கூட அட்லஸைப் பிரித்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் விரல் வைத்துக் காட்டினாள். கரையில் இல்லை, வெயில் எட்டாத ஆழத்தில், சேற்றுத் தரையில்.

"நம்ம கடல்ல இருக்கா சித்தி?"

"அம்புட்டு ஆழத்துல எறங்கிப் பாத்தவுக யாரு இருக்கா? இருந்தாலும் இருக்கும்."

அந்த வாரமே அப்பா, அச்சு இழுகிப்போன ஒரு குழந்தைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 'ஆழ்கடல் நண்பர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே படம். சித்தி காட்டிய அதே தட்டு, அதே இரட்டை வரிசை. ஆனால் தட்டில் இரண்டு பெரிய கண்கள், இமையோடு. பல் தெரியச் சிரிப்பு. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வேர். பக்கத்தில் ஒரு கோமாளி மீன். வெயில் படும் பவளப்பாறையில் வாழ்வது, அந்த இருட்டில் எப்படி வந்ததோ!

"அத்தான், இதுக்குப் போயி எவன் கண்ணு வச்சான்?" என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பையர் அனுப்புன படம்மா. கண்ணு வைன்னா வைக்கணும். கொம்பு வைன்னா கொம்பும் வைக்கணும்" என்றார் அப்பா. பையர் என்றால் சட்டைகளை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுக்காரர்.

அவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. பரீட்சையில் தவளைக்கு ஒரு விரலைக் குறைத்து வரைந்ததற்கு என் மதிப்பெண்ணில் கைவைத்தவர்கள் பெரியவர்கள். அவர்களே ஆயிரக்கணக்கான சட்டைகளில் பொய்யை அச்சடிக்கலாமா?

சித்தி ஊருக்குப் போனபின், பள்ளி இல்லாத ஒருநாள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் வேலை. லைன் வீட்டில் என்னைத் தனியே விட மனமில்லாமல் அப்பா கூட்டிப்போனார். சாய டப்பாக்கள் அடுக்கிய அறையில் உட்காரவைத்து, "இன்னைக்குப் பையர் வாராவ. சத்தம் காட்டாம இருக்கணும், வெளிய தலைய நீட்டப்படாது" என்றார். அவர் குரலில் இருந்தது பயம் என்று எனக்குத் தெரியவில்லை. பையர் வருகிறார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. கண் வைத்தவர்களிடம் நேரிலேயே கேட்டுவிடலாம்!

வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், பையர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் அண்ணனோடு அச்சு மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். நான் வெளியே ஓடி அவர் முன்னால் நின்றேன். அப்பாவின் கை அச்சுச் சட்டத்தின் மேல் அப்படியே நின்றது. மெர்ச்சண்டைசர் அண்ணனின் முகம் வெளுத்தது. ஆனாலும் குரல் மாறாமல், "ஏங் கண்ணு, என்ன கண்ணு வேணும்?" என்று குனிந்தார்.

"கண்ணே கிடையாதுங்க அதுக்கு! வேரும் கிடையாது. அந்த மீனும் அங்க வராது. எல்லாமே தப்புன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க!"

அவர் நிமிர்ந்து அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில், இவள் எங்கள் ஊழியரின் மகள், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், இந்தப் படம் இவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்றார். நான் ஆங்கிலப் பள்ளியில் படிப்பவள் என்பதை மறந்துவிட்டார் போலும். நான் சொன்னதை, என் கண் முன்னாலேயே, நேர்மாறாக மாற்றிவிட்டாரே!

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து என் வயதைக் கேட்டார். சொன்னேன். பிறகு மிகவும் கனிவாக, "இங்கே அப்பாவுக்கு நீ உதவி செய்வாயா?" என்று கேட்டார்.

ஒருவராவது என்னை மதித்துக் கேட்கிறாரே என்று இருந்தது. படத்தில் உள்ள தப்பைச் சொல்வது உதவி இல்லாமல் வேறென்ன? "யெஸ்" என்றேன், அந்த அறை முழுக்கக் கேட்கும்படி.

என் 'யெஸ்', நானும் அங்கே வேலை செய்கிறேன் என்று ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகளைக் கம்பெனிக்குள் விடக்கூடாது என்பது சரியான விதிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை எங்கே இருக்கும் என்று அந்த விதியைக் கையில் வைத்திருந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் கோபம். சட்டைகள் கண்ணும் வேரும் சிரிப்புமாகக் கப்பலேறின. அப்பாவின் வேலை மட்டும் நின்றது. அவிநாசிபாளையத்தில் வேறொரு கம்பெனி கிடைக்கும்வரை வீட்டில்தான் இருந்தார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. அம்மாவையும் திட்டவிடவில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்று பக்கத்து வீட்டு அக்கா, "உங்கப்பா ஏங் கண்ணு ஊட்லயே இருக்கறாரு?" என்று கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"படம் தப்புன்னு நான் சொல்லிட்டேங்க்கா. அதான் வேலைய நிறுத்திட்டாங்க. சரியா வரைஞ்சு வந்ததும் கூப்பிடுவாங்க."

அப்பா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆமாம் என்பதுபோல் அந்த அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.