அத்தானுக்கு நான் எடுத்த பலகை

என் அக்காள் கணவரின் கழுத்தை முறித்தவன் நான். விபத்து என்று எல்லோரும் நம்புகிறார்கள்... இல்லை!

மும்பைக்கு வெளியே ஓர் ஏரியில் நான் விசைப்படகு ஓட்டுகிறேன். நீர்ச்சறுக்கும் கற்றுத் தருகிறேன். ஒற்றைப் பலகையில் இரு பாதங்களையும் முன்னும் பின்னுமாகப் பூட்டி, படகின் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீர்மேல் பாய்வார்களே, ஸ்லாலம், அதுதான். பலகையின் நீளத்தை முடிவு செய்வது ஆளின் எடையும் படகின் வேகமும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

அது நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், தாராவியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் உதடு கிழிந்திருந்தது.

"கொழாயடில வழுக்கிட்டேம்ல" என்றாள்.

அவள் கழுத்தில் விரல்கள் பதிந்திருந்தன. குழாய்க்கு விரல்கள் உண்டா? நீங்களே சொல்லுங்கள்!

மறுநாள் அத்தான் சிரித்தபடி ஏரிக்கு வந்தார். இரட்டைப் பலகையில் சிலமுறை போனவர்; ஒற்றையில் போக ஆசைப்பட்டார். தொண்ணூறு கிலோ உடம்பு. நீளமும் அகலமுமான பலகை அவருக்கு வேண்டும். நானோ, ஒல்லியானவர்களுக்கு உரிய குட்டையான பலகையை எடுத்தேன்.

"ஏல, இது சின்னதா இருக்கே?"

"இதாம் ஒங்க சைஸ், அத்தான்."

அது அவரைத் தாங்கவில்லை. அமிழ்ந்தார். இருமினார். "ஜல்தி ஓட்டுல!" என்று கத்தினார்.

அதற்குத்தானே காத்திருந்தேன்! முழு விசையையும் திறந்துவிட்டேன். தள்ளாடி எழுந்தார். கயிற்றை இறுக்கிய அந்தக் கைகள்... என் அக்காவை நெரித்த கைகள்! நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

பலகையின் முனை நீரில் குத்தியது. தலைகீழாகத் தெறித்தார். கழுத்து மடங்குவதைக் கண்டேன். மகிழ்ந்தேன்... ஆம், மகிழ்ந்தேன்!

பிறகு குதித்து, அவரைப் படகில் இழுத்துப் போட்டவனும் நானே. ஏன்? அச்சமா? இரக்கமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அத்தானின் வலது கை செத்துவிட்டது. இடது கை பிழைத்துக்கொண்டது. அக்கா ஊட்டும் சோறு பிடிக்காவிட்டால் அந்தக் கையால் அறைகிறார்.

எதற்காக நான் வருந்துவது... வீழ்த்தியதற்கா, தூக்கியதற்கா?

போன வாரம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"நீ மட்டும் இல்லன்னா அவிய அன்னைக்கே போயிருப்பாவ, தம்பி."

நன்றியா அது? குற்றச்சாட்டா? கேட்கத் துணிவில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.