படத்தில் விழுந்த வெள்ளைப் பொட்டுகள்

எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், விழுங்கிய குண்டூசி தெரியும். எதிரே நிற்கிற பெண்ணுக்கு எங்கே வலி என்பது மட்டும் லேசில் தெரியாது. 1930களில் பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் நான் ஆயா. ஆஸ்பத்திரியில் மாரடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தோள்பட்டை வலி

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மனைவி ஜைனம்பு, மாமியாரோடு வந்தாள். டாக்டர் தமிழர்தான், ஆனாலும் ஆண்பிள்ளை. "தோள்பட்டை வலி" என்றாள். அழுத்திப் பார்த்தார், அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனதும், என் கையைப் பிடித்து ரவிக்கைக்கு மேலேயே இடது மார்பில் வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. வீட்டில் பால்குடிப் பிள்ளை வேறு.

"நீங்களே சொல்லிடுங்கக்கா, ஆம்பளைக்கிட்ட இதை நான் எப்படிச் சொல்றது?"

கருகமணி

நான் போய்ச் சொன்னதும், மறுநாளே மார்பைப் படம் எடுக்கச் சொன்னார் டாக்டர். கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொன்னால் தாலியோ, முஸ்லிம் பெண்கள் தாலியாகக் கட்டும் கருகமணியோ, எங்களுக்கு இதே ரோதனைதான். புருஷன் உயிரோடு இருக்கையில் கழற்ற மாட்டேன் என்று ஜைனம்பு அழுதாள். மாமியார் சட்டென்று எழுந்து, கருகமணியை மேலே இழுத்து மருமகள் நெற்றியில் கிரீடம் மாதிரி மாட்டிவிட்டார்.

"கழட்டினாத்தானே குத்தம்? தூக்கி வச்சா ஒண்ணுமில்லலா!"

பொட்டுகள்

வெட்கத்துக்காக மெல்லிய துணி போர்த்தியே எடுப்போம். மார்பைப் படம் எடுப்பதே அப்போது புதுசு. வந்த படத்தில், கட்டி இருந்த இடத்தில் ரவை சிந்தியது போல வெள்ளைப் பொட்டுகள். உள்ளே சுண்ணாம்பு படிந்தால் இப்படித் தெரியும், பெரும்பாலும் பயமில்லை, சிலசமயம் கெட்ட கட்டியாகவும் இருக்கும் என்றார் டாக்டர். "பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கலையே" என்று ஜைனம்பு என் தோளில் சாய்ந்துவிட்டாள். அவளை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுபடி பார்க்கலாமென்று துணியை விலக்கித் தொட்ட டாக்டரின் விரலில் வெள்ளையாக ஒட்டியது. கட்டி அமுங்கட்டும் என்று காலையில் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசியிருக்கிறார் மாமியார்! கழுவித் துடைத்து இன்னொரு படம் எடுத்தோம். ஒரு பொட்டுகூட இல்லை. கட்டியில் ஊசி குத்தி இழுத்தார் டாக்டர். தேங்கியிருந்த பால் வந்தது, கட்டி சுருங்கிப் போனது. ஜைனம்பு சிரித்துக்கொண்டே அழுதாள். மாமியார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, எங்களை மிடுக்காகப் பார்த்தார்.

"பாத்தீங்களா, என் சுண்ணாம்புல கரைஞ்சிடுச்சு!"

உடம்புக்குள் இருப்பதையெல்லாம் காட்டிய அந்தக் கருவியால், கட்டியைக் கரைத்தது யார் என்பதை மட்டும் அந்த மாமியாருக்குக் கடைசிவரை காட்ட முடியவில்லை.