ரஃபீக் நானாவுக்கு எந்த அத்தர்

ரஃபீக் நானா போய்விட்டார்.

விடியச் சுபஹுத் தொழுகைக்குப் புறப்பட்டவர், செருப்பைப் போடக் குனிந்து அப்படியே வாசற்படியில் சாய்ந்துவிட்டாராம்... அவ்வளவுதான். ஏழு மணிக்கு மகன் போன் எடுத்துச் சொன்னான். பின்னேரம் அசர் தொழுகையோடு அடக்கம் முடிந்து, நான் இப்போதுதான் லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக... திருகோணமலை ஹார்பர் பக்கம் நான் வேலை செய்யும் அத்தர்க் கடையில் மூத்த சேல்ஸ்மன் அவர். எங்கள் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். ஏழு வருடம் ஒரே கவுண்டரில் நின்றோம். என் அப்பாவுடன் கூட நான் அவ்வளவு கதைத்ததில்லை.

எங்கள் கடையில் அதிகம் போவது அரபு நாட்டுச் சூடான வாசனைகள்தான். அம்பர், ஊத், குங்குமப்பூ, கறுவா, கராம்பு... பத்துப் போத்தல் இருந்தால் எட்டு அண்ணன் தம்பி மாதிரி மணக்கும். வருகிறவர்களுக்குத் தலை சுற்றும்.

நானா முதலில் கேட்பது, வேலை வெயிலிலா ஏசியிலா என்றுதான். துறைமுக ஜெட்டியில் நிற்கிறவருக்குக் கராம்பு தூக்கலானதைக் கொடுக்கவே மாட்டார். பதினொரு மணி வெயிலுக்கு அது பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தலையிடி கொடுக்குமாம்.

ஓர்ஸ் ஹில் ஒபிஸ் ஒன்றிலிருந்து வந்த ஒரு மிஸ், இரண்டு போத்தலுக்கு நடுவில் முக்கால் மணித்தியாலம் தடுமாறினார். "இது கதிரையில இருந்து கதைக்கும் மிஸ், மத்தது வாசல்லயே நிண்டு கூப்பிடும்" என்றார் நானா. மிஸ் சிரித்துவிட்டுக் கதிரையில் இருப்பதை வாங்கிக்கொண்டு போனார்.

பெரிய போத்தல்களில் லேபல் ஒட்ட விடமாட்டார். எண்ணெய் பட்டு எழுத்து அழிந்துவிடும், மூக்கு இருக்கும்போது எழுத்து எதற்கு என்பார். அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் கூடத்தான்.

கொரோனா வந்து மூன்று கிழமை வீட்டில் கிடந்தார். திரும்பி வந்த பிறகு ஒருநாள் கிண்ணியாவிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தங்கை வந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய போத்தலை மேசையில் வைத்து, நாங்கள் மணந்து பார்த்து எடுத்தது இதில்லை என்றார்.

நானா அதையும் பெரிய போத்தலையும் மாறி மாறி மணந்தார். இரண்டும் ஒன்றுதான் என்றார்.

நான் வாங்கி மணந்தேன். ஒன்று குங்குமப்பூ, மற்றது அசல் கராம்பு. சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நானாவைப் பார்த்தேன்... அவர் என்னைப் பார்க்கவில்லை.

போத்தலை மாற்றிக் கொடுத்து அந்தப் பெண்ணை அனுப்பினேன். அதன் பிறகுதான் வாய் திறந்தார். "எனக்கு மணம் ஒண்டும் விளங்குதில்ல தங்கச்சி. காய்ச்சலோட போனது. மொதலாளிக்குத் தெரிஞ்சா நான் எங்க போற?"

ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருந்த நேரம். மூக்கு வேலை செய்யாத அத்தர்க்காரரை யார் வைத்திருப்பார்...

அடுத்த நாளிலிருந்து, கடை திறக்க முன் நான் எல்லாவற்றையும் மணந்து போத்தலின் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். குங்குமப்பூவுக்கு ஒன்று, கறுவாவுக்கு இரண்டு, கராம்புக்கு மூன்று. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்குவார். வாங்க வந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

காலையில் அவர் பூசிக்கொள்ளும் ஒரு சொட்டு அத்தரையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். புறங்கையில் தடவிக்கொள்வார்.

நாலு மாதம் போனது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நானாவுக்கு மணம் தெரிகிறதா, இல்லையென்றால் அந்த இடம் உனக்கு என்றார். ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். பச்சைப் பொய். அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அதை நானாவிடம் போய்ச் சொன்னது என் பிழை. மனிதர் அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. "எனக்காக நீங்க பொய் சொல்லிட்டு நிக்கிறதா... அது ஏலாது" என்றார். நேரே போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரப்பர் பேண்ட் உட்பட.

எனக்கு வந்த கோபம்... என் வேலையும் சேர்ந்து போயிருக்கும். இரண்டு நாள் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

முதலாளி ஒரு கிழமை யோசித்தார். பிறகு, நான் மணப்பது, அவர் கதைப்பது, இரண்டு பேரும் நிற்கலாம் என்று சொல்லிவிட்டார். நேற்று வரைக்கும் அப்படித்தான் நின்றோம்.

இன்று ஜமாலியாவில் நானாவின் வீட்டில், ஆண்கள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பைச் சுற்றும் கபன் துணிக்கு அத்தர் பூச வேண்டும். அவருடைய மனைவி அலுமாரியிலிருந்து இரண்டு சின்னப் போத்தல்களை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அவருக்கு எது விருப்பம் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருடம் தினமும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்... உங்களுக்கு எது விருப்பம் நானா என்று ஒருநாள் கூடக் கேட்டதில்லை. மணம் தெரியாத மனிதருக்கு விருப்பம் எதற்கு என்று இருந்துவிட்டேன் போல. வெட்கமாக இருந்தது. கேட்டதே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டேன்.

நானாவின் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கும் தெரியா. ஒவ்வொரு நாளும் ஊட்டுக்கு வந்து கைய நீட்டுவார்... இண்டைக்கித் தங்கச்சி என்ன போட்டு உட்டிரிக்கா, மணந்து சொல்லு எண்டு. நான் சொல்லுவன். அதக் கேட்டுட்டுத்தான் சேட்டக் கழட்டுவார். நீங்களே எடுங்க."

மூக்கு அடைத்திருந்தது. கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து இரண்டையும் ஆறுதலாக, அவசரப்படாமல் மணந்தேன். ஒன்றை எடுத்து மகனிடம் கொடுத்தேன்.

பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பெண்களோடு வாசலில் நின்றேன். சரியான சனக்கூட்டம்... கிட்டப் போக முடியவில்லை.

நானா, இன்றைக்குப் போட்டிருப்பது குங்குமப்பூ. கொஞ்சம் கறுவாவும் இருக்கிறது.

சுகமாகப் போங்கள்.