பல்லக்காவும் நாலாம் பாகமும்

படத்தை அம்மா முழங்கையால்தான் நிறுத்துவாள். பத்து விரலிலும் மெழுகு ஒட்டியிருக்கும். ரிமோட் மேசையோரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். முழங்கை ஒருமுறை இறங்கினால் டிராகன் சிறகை விரித்தபடி வானத்தில் அப்படியே நிற்கும். "கொஞ்சம் இரு ராசா" என்று திரையிடம் சொல்லிவிட்டு, கையிலிருக்கும் மேல்தாடையில் ஒரு கோரைப்பல்லை வைத்து அழுத்துவாள். பல் நேராக நின்றதும் முழங்கை மறுபடி இறங்கும். டிராகன் பறக்கும்.

அம்மாவின் தொழில் பல்செட் செய்வது. மூன்று பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புகிறார்கள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, மெருகேற்றும் மோட்டார், அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். ஆட்களைப் பார்க்காமலே அவர்களைத் தெரிந்துவைத்திருப்பாள். "இந்தாளு இடது பக்கமே மெல்லுறாரு. வலது பக்கம் எங்கயோ வலி இருக்கு. கேட்டா இல்லம்பாரு" என்று மருத்துவருக்குச் சொல்லியனுப்புவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தெருவில் எதிர்ப்படுகிறவர்களின் பெயர் அவளுக்கு நிற்காது. "அந்த முன்பல்லு இடைவெளிக்காரம்மா" என்பாள். பேருந்தில் யாராவது கொட்டாவி விட்டால் எட்டிப் பார்ப்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த டிராகன் படம் ஏழு பாகங்கள். ஏழையும் அவள் எண்ணால்தான் அழைப்பாள். "ரெண்டு அழகு. அஞ்சு பரவால்ல. ஏழு வெறும் சத்தம்." நாலாம் பாகத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். "நாலு என் பிள்ளை மாதிரி." ஒரே பெண்ணான நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உலகத்தில் எல்லோரும் திட்டும் பாகம் அது. உச்சக்காட்சியில் டிராகன் கோட்டைக்கு முன்னால் வந்து இறங்கும். படைகள் நடுங்கும். அது வாயைத் திறக்கும், மூடும், திரும்பிப் பறந்துபோய்விடும். படம் முடிந்தது. முதல் நாள் அரங்கில் ஒருவர் எழுந்து நின்று டிக்கெட்டைக் கிழித்துத் திரையை நோக்கி எறிந்தார். அவர்தான் என் அப்பா.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். நகலகத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மூன்று மணிக்குக் கூடும் ரசிகர் வட்டத்தில் அவருக்குப் பெயர் பிழை சார். அம்மா பல்லக்கா. அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஏழு வரிகள், ஏழு பாகங்கள், வட்டத்தின் தரவரிசைப்படி. பத்தொன்பது வருடங்களாக நாலாம் பாகம் ஏழாவது வரியில் இருந்தது.

ஒரு படத்தை மேலே ஏற்ற வட்டத்தில் ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவர் அப்பாதான். முதலில் எதிராளியின் வாதத்தை அவருடைய இடத்தில் நின்று முழுமையாகச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர் "அதேதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் மறுத்துப் பேச அனுமதி. நாலாம் பாகத்தின் மீது அப்பாவுக்குப் பதினொரு குறைகள் இருந்தன. அம்மா ஒவ்வொரு வருடமும் எழுந்து நிற்பாள். முதலாவது சொல்வாள். இரண்டாவது சொல்வாள். நான்காவதில் பொறுமை போய்விடும்.

"இதெல்லாம் ஒரு குறையா? மனுசனா நீங்க?"

மாடி முழுக்கச் சிரிப்பு எழும். அம்மா உட்கார்ந்துவிடுவாள். பலகை மாறாது. வீடு வரும் வழியிலும் அது ஓயாது.

"பதினொண்ணு இருக்கு. நீ நாலுலயே நிக்கிற."

"மிச்சம் ஏழும் இதே லட்சணத்துலதான் இருக்கும்."

அப்பா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதன் பிறகு அம்மா மாடிக்குப் போகவில்லை. நாலாம் பாகத்தைப் போடவும் இல்லை. ஐந்தாவது மாதம் வட்டத்தின் செயலர் வீட்டுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கூடவே வட்டத்தின் இளைய உறுப்பினரான செவிலியர். செயலர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அக்கா, எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். நாலாம் பாகத்தை ஆறாவது இடத்துக்கு ஏத்திடலாம்னு."

"எதுக்கு?"

"சார் இல்ல... உங்களுக்கும் ஒரு ஆறுதலா..."

"அவரு செத்ததால படம் நல்லாயிடுச்சா?"

செவிலியர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"பாவம்னு ஏத்தினா அவரு ஜெயிச்ச மாதிரிதான் தம்பி. பத்தொன்பது வருசமா அவரு சொன்னது என்ன? இந்தப் படத்துக்குப் பேச ஆளே கிடையாதுன்னுதானே? நான் முறைப்படி பேசுறேன். ரெண்டு மாசம் கொடுங்க."

"முறைப்படின்னா, 'அதேதான்' யாரு அக்கா சொல்றது?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு மின்தூக்கி பராமரிக்கும் வேலை. டிராகன்களில் ஆர்வம் கிடையாது. ஆனால் அப்பாவின் மேசையைக் காலிசெய்தவள் நான். அவருடைய நோட்டு என்னிடம்தான் இருந்தது.

பதினொரு குறைகளும் சிவப்பு மையில், எண்ணிட்டு, படத்தின் எந்த நிமிடம், எந்த நொடி என்ற குறிப்போடு இருந்தன. அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நோட்டை வாங்கிக்கொண்டாள். நான்கு வரை வேகமாகப் புரட்டினாள். ஐந்தாவதில் வேகம் குறைந்தது. ஆறாவதில் "இது நியாயந்தான்" என்றாள். ஆட்டைப் பிடித்த டிராகன் தின்னாமல் விட்டுவிடுகிறது, காரணம் காட்டப்படவில்லை என்பது ஆறாவது. ஒன்பதாவதைப் படித்துவிட்டு அப்படியே இருந்தாள். அப்பா எழுதியிருந்தது இது: "டிராகனின் இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் மழுங்கியுள்ளன. இரண்டாம் பாகத்தில் கூர்மை. தொடர்ச்சிப் பிழை."

"படத்தைப் போடுடி."

ஐந்து மாதத்துக்குப் பிறகு நாலாம் பாகம் ஓடியது. குறித்திருந்த நொடியில் முழங்கை இறங்கியது. அம்மா எழுந்து திரைக்கு அருகே போனாள். அலமாரியில் இருக்கும் தாடைகளைப் பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்துக் கீழிருந்து பார்த்தாள்.

"மழுங்கல. உடைஞ்சிருக்கு."

நோட்டை மறுபடி எடுத்து ஒன்பதாவதில் விரலை வைத்தாள்.

"எல்லாப் பயலோட பல்லையும் பார்த்தேன். இதோட கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். அந்த மனுசன்தான் பல்லைப் பார்த்திருக்காரு. அது என்னன்னு தெரியாம பிழைன்னு எழுதிட்டாரு. நானும் ஒன்பதாவது வரைக்கும் கேக்கல."

அடுத்த வாரங்களில் பட்டறையில் வாடிக்கையாளர் தாடைகளுக்கு நடுவே ஒரு பெரிய தாடை வளர்ந்தது. மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்தாள். ஒரு மருத்துவரிடமிருந்து ஆள் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும்மா?" என்றார். "ஒரு பெரிய மனுசனுக்கு" என்றாள். என் பங்கு, திரையை நிறுத்தி அளவெடுத்தது. மூன்றாம் பாகத்தில் டிராகன் கோட்டைக் கதவின் இரும்புச் சங்கிலியைக் கடித்து அறுக்கிறது. நான்கு நொடிகள் வரும் காட்சி. இடது பக்கமாகக் கடிக்கிறது. சங்கிலி வளையத்தின் அகலத்தையும், நாலாம் பாகத்தில் உடைந்த பற்களின் இடைவெளியையும் டிராகனின் தலையளவோடு ஒப்பிட்டு விகிதம் கணக்கிட்டேன். ஏழு சதவீத வித்தியாசம். என் வேலையில் ஏழு சதவீதம் என்றால் மின்தூக்கியை மூடி முத்திரை வைத்துவிடுவோம். டிராகனுக்குப் போதும் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது ஞாயிறு. மாடியில் எங்களைத் தவிரப் பதினொரு பேர். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் பையை வைக்கவில்லை. அம்மா துணி போட்டு மூடிய ஒன்றைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். செவிலியர் துணியின் நுனியைத் தூக்கப் பார்த்தார். அவர் கையில் அம்மா ஒரு தட்டுத் தட்டினாள்.

பிறகு நிமிர்ந்து நின்று தொடங்கினாள்.

"முதலாவது. இத்தனை பெரிய டிராகனைக் கொண்டாந்து இறக்கிட்டு, சண்டையே இல்லாம திருப்பி அனுப்புறது காசு கொடுத்து உக்காந்திருக்கிறவனை ஏமாத்துறது."

அப்பா சொல்வதுபோலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இரண்டு, மூன்று. நான்காவதில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா மூச்சை இழுத்து, நான்காவதையும் சொல்லி முடித்தாள். யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள். அவள் நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

"ஒன்பதாவது. ரெண்டாம் பாகத்துல கூர்மையா இருந்த பல்லு நாலாம் பாகத்துல மொட்டை. எடுத்தவங்களுக்கே அவங்க டிராகன் ஞாபகத்துல இல்ல. அப்புறம் நாம எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?"

கடைசி வாக்கியம் நோட்டில் இல்லை. அப்பா எழுந்து நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பத்து. பதினொன்று. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"விட்டது ஏதாச்சும் இருக்காடி?"

நோட்டை விரலால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டேன். எதுவும் விடுபடவில்லை.

"அதேதான்" என்றேன்.

பத்தொன்பது வருடங்களில் நாலாம் பாகத்துக்காக அந்த மாடியில் ஒலித்த முதல் "அதேதான்." அம்மா துணியை உருவினாள்.

பிளாஸ்டர் தாடை ரொட்டிப்பெட்டி அளவு இருந்தது. வலப்பக்கம் பற்கள் கத்தி மாதிரி நின்றன. இடப்பக்கம் மூன்று பற்கள் உடைந்திருந்தன. உடைந்த இடத்தில் சிவப்பு மெழுகால் நரம்பைக் காட்டியிருந்தாள்.

"மூணாம் பாகத்துல சங்கிலியைக் கடிச்சுச்சு. இடது பக்கம். இரும்பு ஜெயிச்சுது. பல்லு போச்சு." ஓர் இரும்புச் சங்கிலியை எடுத்து அந்த இடைவெளியில் வைத்தாள். உட்கார்ந்துகொண்டது.

"அக்கா," என்றார் செயலர், "நீங்க செஞ்ச பல்லுல நீங்க வாங்கின சங்கிலி பொருந்தாம என்ன செய்யும்?"

"அப்படிக் கேளு. அதுக்குத்தான் இவளைக் கூட்டியாந்தேன்."

நான் எழுந்து விகிதக் கணக்கை வாசித்தேன். ஏழு சதவீதத்தையும் மறைக்கவில்லை. செயலர் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு முறை கூட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப நாலாம் பாகத்தைப் பாருங்க. ஆட்டைப் பிடிக்குது, விட்டுடுது. ஏன்? மெல்ல முடியாது. ஆத்துல தண்ணி குடிக்கிறப்ப தலையைச் சாய்ச்சு வலது பக்கமா குடிக்குது. ஏன்? இடது பக்கம் பச்சைத்தண்ணி பட்டா கூசும். கடைசியில கோட்டை முன்னால வாயைத் திறக்குது." அம்மா சிவப்பு மெழுகின் மேல் விரலை வைத்தாள். "நரம்பு வெளிய கிடக்குற பல்லு மேல நெருப்பு போனா எப்படி இருக்கும்? சூடா ஒரு வாய் டீ குடிச்சே துடிக்கிறவங்களைப் பார்த்திருக்கீங்கல்ல? அது சண்டை போட வந்துச்சு. முடியல. அத்தனை பேருக்கு முன்னாடி வாயை மூடிக்கிட்டு, வலியைக் காட்டாம, கம்பீரமா திரும்பிப் போச்சு. அதைப் பார்த்துட்டு நாம டிக்கெட்டைக் கிழிச்சோம்."

செவிலியர் தன் கன்னத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு, ஆறு, ஒன்பது. மூணு குறைக்கும் ஒரே பதில். மிச்ச எட்டும் இருக்கு. அதுல அஞ்சு உண்மையிலேயே குறைதான். ஒத்துக்குறேன். ஏழாம் பாகத்துக்கு மேல வைக்கிற அளவுக்கு இது நல்ல படமா இல்லையா, நீங்களே சொல்லுங்க." உட்கார்ந்தாள்.

செயலர் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாலாம் பாகத்தை ஆறாவது வரிக்கு ஏற்ற ஆதரவு யார் என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. செவிலியர் இரண்டையும் தூக்கினார். "ஒண்ணு போதும்மா" என்றார் செயலர். தன் கையையும் தூக்கிக்கொண்டு எண்ணினார். பதினொன்று. பேசியவருக்கு ஓட்டு கிடையாது, எனக்கும் கிடையாது. இருந்தவர்கள் அத்தனை பேரும் தூக்கியிருந்தார்கள். மேசையைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். கீழே நகலகத்தின் இயந்திரம் நின்று, கடைக்காரர் படியில் தலையை நீட்டி என்னவென்று கேட்டார். "நாலு ஏறிடுச்சு" என்று கத்தினார்கள். அவருக்கு எதுவும் புரியவில்லை. அவரும் கை தட்டினார்.

"முறைக்குக் கேட்டுடுறேன்," என்றார் செயலர், சிரிப்பு அடங்காமல். "எதிர்த்து?"

அம்மா கையைத் தூக்கினாள்.

"அக்கா, உங்களுக்கு ஓட்டு இல்ல. அதுவும் எதிர்த்தா?"

"என்னோடது இல்ல தம்பி. நான் என்ன பேசினாலும் அவரு ஒத்துக்க மாட்டாரு. எழுதுங்க."

செயலர் பேனாவை எடுத்தார். பலகையின் ஓரத்தில் பதினொன்று என்று எழுதி, அதன் கீழே ஒன்று என்று எழுதினார். பேனாவை மூடும்வரை அம்மா கையை இறக்கவில்லை.