மூன்றாம் கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி

சமரசம் என்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டியதை எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளிடம் சொல்ல வைக்கும் தொழில். அந்த மூன்றாவது ஆளுக்கு அருகில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. சமூகவியல் படித்துவிட்டு, அதிகம் பேச வேண்டியிராது என்ற ஒரே காரணத்துக்காக சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஓர் அறநிறுவனம் நடத்தும் சமரச மையத்தில் சேர்ந்தேன். மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தத்தை வைத்தே மணி சொல்லத் தெரிந்த அடுக்குமாடிவாசிகளுக்கு நான் எழுதுவது எளிதில் புரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சத்தங்களை மாற்றவில்லை.

அசைவு

அப்போது மையம் என்றால் ஒரு பூக்கடைக்கு மேலே ஓர் அறையும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். என் முதல் வழக்கு, எட்டாம் மாடி பாலா அண்ணனுக்கும் ஒன்பதாம் மாடி செல்வி அக்காவுக்கும். அண்ணன் பேருந்து ஓட்டுநர். விடியுமுன் வேலைக்குக் கிளம்புவதால் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார். அக்கா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நாற்பது வயதைத் தாண்டிப் பரதநாட்டியம் கற்கத் தொடங்கி, அரங்கேற்றம் வரைக்கும் வந்துவிட்டார். வேலைக்குப் போய் வந்து, சமைத்து முடித்து, அவர் ஆடத் தொடங்குவதும் எட்டு மணிக்குத்தான். அண்ணன் ஒருமுறை சிவப்பு விளக்கில் கண்ணயர்ந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

எங்கள் இயக்குநர் எதையும் மென்மையாக்கித் திருப்பிச் சொல்வார். அதற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறார். “இவங்க என் தலையில குதிக்கிறாங்க” என்று அண்ணன் சொன்னதும், “மேலிருந்து வரும் அசைவு உங்களுக்கு ஒரு சவாலாக இருக்கிறது” என்றார். செல்வி அக்கா அவரைத் தாண்டி அண்ணனைப் பார்த்து, “காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?” என்று கேட்டார். இயக்குநர் கையை உயர்த்தித் தடுத்தார். தீர்வைத் தேடும் கேள்விகள் மூன்றாம் கட்டத்தில்தான் வர வேண்டுமாம். இது முதல் கட்டம், உணர்வுகளைப் பகிர்ந்துகொள்ளும் கட்டம்.

ஒன்றரை மணி நேரம் பகிர்ந்துகொண்டார்கள். கடைசியில், அடுத்த சந்திப்பு வரை இதைப் பற்றி வெளியே ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். அது எங்கள் விதி. பாலா அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, அசைவுன்னு எழுதாதீங்க. ஆட்டம்னு எழுதுங்க.”

இரண்டு கைகள்

பிறகு எங்களுக்கு வளர்ச்சி வந்தது. யாரோ ஒரு புரவலர் மனம் வைத்தார், ஒரு தளம் முழுவதும் கிடைத்தது. இரண்டு கைகள் கொண்ட சின்னம் ஒன்று வரைந்தார்கள். அந்தக் கைகள் தொட வேண்டுமா, தொடுவதற்குச் சற்று முன் நிற்க வேண்டுமா என்று செயற்குழு மூன்று கூட்டங்களில் விவாதித்தது. தொடவில்லை என்று முடிவானது. அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறதாம்.

இரண்டாவது சந்திப்புக்குப் பாலா அண்ணன் நேரத்துக்கு வந்தார். சுவரில் அந்தச் சின்னத்தைப் பொருத்த டிரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்திப்பைத் தள்ளி வைத்துவிட்டோம் என்று சொல்ல நான் வார்த்தை கோத்துக்கொண்டு போனபோது, அவர் புதிய சோபாவில், டிரில்லுக்கு மூன்றடி தள்ளி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். விழித்ததும், இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன். “இது ஒரே மாதிரி ஓடுதும்மா. அவங்க ஆட்டம் நிக்கும், அடுத்தது எப்ப விழும்னு நான் முழிச்சிக்கிட்டுக் காத்திருக்கணும்.”

கிராஞ்சிக் கிளை

தள்ளி வைத்த சந்திப்பு மறுபடியும் தள்ளிப்போனது. கிராஞ்சியில் கிளை திறந்தோம். வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிக்கு அருகே ஒரு கொள்கலன் அறை, ரிப்பன், மேடை. கைதட்டுவதற்காக ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். வாரத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாள் அது. இயக்குநர் செந்தமிழில் உரையாற்றினார். உரையாடலே ஒளி என்றார்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்றார். இரு தரப்பும் விரும்பி வந்தால்தான் சமரசம் என்று இயக்குநர் சற்று முன் சொன்னது அவருக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. “ரூம்ல பன்னெண்டு பேரு இருக்கோம் சார், எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. சூப்பர்வைசரோடதான் தகராறு. அவர் விரும்பி வருவாருங்களா?”

நடிப்பு

வளர்ந்த மையத்துக்குத் தொண்டூழியர்கள் வேண்டும். வந்தார்கள், சண்டைக்காரர்களைவிட அதிகமாக. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, யாராவது சண்டையோடு வரமாட்டார்களா என்று வாசலையே பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு நடித்துப் பழகும் பயிற்சி வைத்தோம். அதற்கு ஓர் உண்மை வழக்கு தேவைப்பட்டது. ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்று நான் முணுமுணுத்தேன். பெயரை மாற்றிவிடலாம் என்றார் இயக்குநர். செல்வியைச் செல்வம்மாள் ஆக்கினார்.

புதிய தேதி கேட்க வந்த செல்வி அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு வழக்கறிஞர் அம்மையார் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, “நான் ஒரு பேருந்து ஓட்டுநர்” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அக்கா பக்கத்தில் நின்றேன். அக்கா முழுவதையும் பார்த்து முடித்தார். “அரைமண்டியே உட்காரல. இப்படி ஆடினா பாவம், கீழ இருக்கிறவர் புகார் பண்ணத்தான் செய்வார்.”

தே ஓ

ஒருவழியாக இருவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கென்று பார்வையாளர் குழு ஒன்று எங்கள் வளர்ச்சியைக் காண வந்திருந்தது. இயக்குநர் அவர்களைச் சின்னத்துக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கும் அறையில் சோபாவின் இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் அக்கா. நாலரை மாதமாக இருவரும் ஒரே லிஃப்டில் ஒரு வார்த்தை பேசாமல் போய் வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டிருந்தார்களே.

இருவருக்கும் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கொண்டு போனேன். அண்ணன் கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் பேருந்து நிறுத்தத்தில் மறுபடியும் கண்ணயர்ந்துவிட்டார். ஏறிய பயணி ஒருவர் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். நல்ல மனிதர், புகார் செய்யவில்லை. இதை அண்ணன் என்னிடம்தான் சொன்னார், ஆனால் அக்கா காதில் விழட்டும் என்று சற்று உரக்கவே சொன்னார். அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

குறிப்பெடுப்பவள் பேசக் கூடாது. எனக்கு அந்த விதி பிடித்தே இருந்தது. இருந்தாலும் கேட்டேன். “அண்ணே, காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?”

“மூணே முக்கால்.”

“அப்புறம் வீட்ல யாரு இருப்பா?” இது அக்கா.

“யாரும்மா இருக்கா? நான் ஒத்த ஆளு.”

“நான் நாலரைக்கு எழுந்துடுவேன். அஞ்சு மணிக்கு ஆடிக்கிறேன். சலங்கை கட்ட மாட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. ராத்திரி வேணாம்.”

அண்ணன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தே ஓ இன்னும் ஆறவில்லை. “அஞ்சு மணிக்கு நீங்க என்ன வேணாலும் ஆடுங்க. நான் இல்லாதப்ப கூரை உங்களுதுதான் லா.”

தீராதவை

இயக்குநர் வந்தபோது சோபா காலியாக இருந்தது. தீர்ந்துவிட்டது என்றேன். எந்தக் கட்டத்தில் என்று கேட்டார். கட்டம் இல்லை, சமரசர் கையெழுத்து இல்லை, இரண்டாவது சந்திப்பே நடக்கவில்லை. அப்படித் தீர்ந்ததைப் பதிய எங்களிடம் படிவமும் இல்லை. படிவத்தில் ஏறாதது தீர்ந்தது ஆகாது என்றார். இருவரையும் ஒரு மாலை வரவழைத்து, பயிற்சி முடித்த தொண்டூழியர் ஒருவர் முன்னிலையில் முறைப்படி இன்னொருமுறை தீர்த்துவிடலாம் என்றார். தொண்டூழியர்களுக்கு ஒத்துவரும் நேரம் இரவு எட்டு மணி.

இரண்டு வாரம் கழித்துப் பாலா அண்ணனை மதியம் தொலைபேசியில் அழைத்தேன். குரலே மாறியிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகவே பதில் சொன்னார். “எட்டு மணிக்கா? அந்த நேரம் நான் நல்லாத் தூங்கிட்டிருப்பேனே, தங்கச்சி.”

அவர் கோப்பைத் ‘தீராதவை’ வரிசையில் வைத்துவிட்டேன். தீராத வழக்குகள் பெருகிவிட்டன என்று காரணம் காட்டி இன்னொரு தளம் கேட்டிருக்கிறோம், கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.