முள்ளுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை

ஆண்டாளுக்குத் தம்பி குப்புசாமியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கையிலிருக்கும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது. கொள்ளேகாலத்திலிருந்து குடும்பம் மைசூருக்கு வந்தபோது, தான் ஏழாம் வகுப்போடு நின்றுகொண்டு அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள் அவள். மேட்டகள்ளியில் ஒரு பட்டுநூல் ஆலையில் அவள் முறுக்குப் பிரிவில் இருந்தாள். அதே ஆலையின் ஜெனரேட்டர் அறையில் அவன் ஆபரேட்டர்.

தொண்ணூறுகளின் நடுவில் கரண்ட் போவது அன்றாடக் கதை. போனால் ஆலை டீசல் ஜெனரேட்டரில் ஓடும். அதன் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டும். திடீரென்று பாரம் ஏறினால் துடிப்பு குறையும், மோட்டார்கள் தளரும், நூலின் முறுக்கு ஒரு சீராக விழாது. அதனால் மீட்டர் முள் மாதம் முழுக்க ஐம்பதை ஒட்டியே நின்றால் ஆபரேட்டருக்கு ஊக்கத்தொகை என்று நிர்வாகம் அறிவித்தது. முதல் மாதமே குப்புசாமி வாங்கிவிட்டான். ஆண்டாள் பிரிவு முழுக்க மைசூர்பாக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் சித்தம்மா அதைச் சொன்னாள். ஆண்டாளுக்குப் பக்கத்து மிஷின்காரி, கன்னடம் கலந்து பேசுகிறவள். கொஞ்ச நாளாக ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் முறுக்குப் பிரிவு மட்டும் நின்று நின்று ஓடியது. சுற்றிய நூலுக்குத்தான் கூலி. மிஷின் நின்றால் கூலியும் நிற்கும்.

"உன் தம்பி மைசூர்பாக் நம்ம கூலியில செஞ்சதுடீ, கணே" என்றாள் சித்தம்மா.

ஆண்டாள் நம்பவில்லை. மறுநாள் கரண்ட் போயிருந்தபோது, டீ இடைவேளையில் ஜெனரேட்டர் அறைக்குப் போய் நின்றாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. முந்தி ஓட்டுகிறவளுக்கு நாலு நூல்கட்டை கூடச் சுற்றக் கிடைக்கும் என்று பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் மிஷினைப் போட்டார்கள். எஞ்சின் முனகியது, முள் சரிந்தது. குப்புசாமி யோசிக்காமல் ஒரு ஸ்விட்சை இறக்கினான். முள் ஏறியது. அந்தப் பக்கம் மிஷின் சத்தம் அடங்கிக்கொண்டு வந்தது.

"அது எங்க ஸ்விட்சுடா" என்றாள்.

"தெரியும்க்கா. முள்ளு விழுந்தா என்னைக் கேப்பாங்க. எத்தனை மிஷின் நின்னுச்சுன்னு யாரும் கேக்கறதில்ல."

அவன் பொய் சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம். எதற்குக் காசு கொடுத்தார்களோ அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டான். ஒரு வரிசை ஓடி நிதானித்த பிறகு அடுத்த வரிசை என்று மிஷினைப் போட்டால் எஞ்சின் தாங்கும், யாரையும் நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னான்.

அவள் பெண்களிடம் அதைச் சொன்னாள். கடைசி வரிசையில் இருந்த சித்தம்மா சிரித்தாள். தாங்கள் காத்திருந்து அவள் தம்பிக்குப் பணம் சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள்.  ஆண்டாளுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது.

அன்று மாலை வீட்டில் அவள் அதே கேள்வியைத் தம்பியிடம் கேட்டாள். ஊக்கத்தொகையில் பாதி, காத்திருக்கிற வரிசைகளுக்குப் போகட்டும் என்றாள். மொபெட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த குப்புசாமி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

காலையில் சைக்கிளில் அவளைப் பின்னால் வைத்து மிதித்து வந்தவன் ஆலை வாசலில்தான் வாயைத் திறந்தான்.

"மேனேஜர்கிட்ட பேசறேன். ஆனா ஒருத்தி முந்தி முள்ளு விழுந்தாலும் எனக்கும் போச்சு, அவங்களுக்கும் போச்சு. அதையும் சொல்லிடு."

பங்கு பிரித்தாலும் மொத்தத் தொகை ஏறாது, சம்மதமா என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டாராம். சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பாதிப் பங்கையும் முந்தக் கூடாது என்பதையும் ஆண்டாள் பெண்களிடம் சொன்னாள்.

அடுத்த முறை ஜெனரேட்டரில் ஓடியபோது டீ மணி அடித்ததும் முதல் வரிசை மட்டும் கிளம்பியது. சத்தம் நிதானப்பட்டதும் இரண்டாவது. கடைசி வரிசையில் சித்தம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அதேபோல் உட்கார்ந்திருந்த ஆண்டாளை ஒரு பார்வை பார்த்தாள். விளக்கு ஒரு தடவை மங்கி, நிமிர்ந்தது. எதுவும் நிற்கவில்லை.

"சரி, நம்மதையும் போடு" என்றாள் சித்தம்மா.